ஒன்பதாவது படி

எங்கள் வீட்டுப் படிக்கட்டில் 13 படிகள். ஆறு ஆண்டுகளாக ஏறி இறங்கியும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. 2021 டிசம்பர் 18, சனிக்கிழமை இரவுதான் எண்ணினேன். என் கணவர் கைப்பேசி வெளிச்சத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, “அஞ்சு முங்கிருச்சு... ஆறு...” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் அன்று இருந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களும் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை பிடித்த மழை சனிக்கிழமையும் விடவில்லை. முதலில் கால்வாய், பிறகு வாசல், இருட்டுவதற்குள் வரவேற்பறை. மாடி இருந்தவர்கள் மாடியிலும், இல்லாதவர்கள் கூரையிலும் படகு வரும்வரை காத்திருந்தார்கள். சிலர் உயிரோடு வெளியே வரவில்லை.

இந்த டிசம்பரோடு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளக் கதை நிறைய பேர் எழுதிவிட்டார்கள். வெள்ளத்துக்கு 13 நாள் கழித்து நான் ஒரு மேடையில் ஐந்து நிமிடம் பேசினேன். அதைப் பற்றி இதுவரை எங்கும் சொன்னதில்லை.

நான் வானொலி அறிவிப்பாளர், கிறிஸ்தவள். இரண்டையும் நான் கலப்பதில்லை. ஒலிபரப்பில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாய் நிறைய வாழ்த்துச் சொல்வேன், தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போகும் நேயர்களுக்குச் சாலை நிலவரம் சொல்வேன். என் விசுவாசம் ஸ்டூடியோவுக்கு வெளியே, காரிலேயே இருந்துவிடும். அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு அவரவர் மதத்தைப் பின்பற்றவும், சட்டத்தின் வரம்புக்குள் பரப்பவும் உரிமை தருகிறது என்பது தெரியும். ஆனால் நம் குடும்பங்களில் ‘மதத்தைப் பற்றிப் பேச வருகிறார்கள்’ என்றாலே முகம் மாறுவதற்குக் காரணமும் தெரியும். நோயாளியின் படுக்கையருகே துண்டுப் பிரசுரத்தோடு வந்து நிற்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கே கோபம் வந்திருக்கிறது.

பத்துப் பேர், நான்கு மெகி

அன்றிரவுக்கு வருகிறேன். எங்கள் எதிர் வரிசை வீடுகளுக்கு மாடி கிடையாது. எதிர்வீட்டு அக்காவும் அண்ணனும் மூன்று பிள்ளைகளோடு இடுப்பளவு தண்ணீரில் சாலையைக் கடந்து வந்தார்கள். அக்காவின் மாமியாரை என் கணவர் போய்த் தூக்கி வந்தார். அக்கா தலைக்கு மேல் ஒரு கறுப்புக் குப்பைப் பையைப் பிடித்திருந்தார். உள்ளே முனீஸ்வரர் படமும் எல்லாருடைய அடையாள அட்டைகளும். என் அம்மா அதற்குள் தன் வேதாகமத்தையும் எங்கள் கல்யாண ஆல்பத்தையும் மேலே கொண்டுபோயிருந்தார். மகனின் துணி அலமாரி மேல் இரண்டு வீட்டுச் சாமான்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

பத்துப் பேர். நான்கு பாக்கெட் மெகி மீ, ஒரு டின் பிஸ்கட், கிறிஸ்துமஸுக்குச் சுட்டு வைத்திருந்த முறுக்கு இரண்டு டப்பா. அடுப்பு தண்ணீருக்குள் இருந்ததால் மெகியைப் பச்சையாக நொறுக்கித் தின்றோம். பிள்ளைகளுக்கு அது மட்டும் பிடித்திருந்தது.

மின்சாரம் போய்விட்டது. அம்மாவிடம் பேட்டரியில் ஓடும் பழைய வானொலி ஒன்று இருந்தது. என் சக அறிவிப்பாளர்தான் பேசிக்கொண்டிருந்தார். கிள்ளான், உலு லங்காட் என்று வரிசையாகச் சொல்லி, எங்கள் தாமான் பெயரைச் சொன்னதும் என் மகன், “அம்மா, அங்கிள் நம்ம வீட்டைச் சொல்றாரு!” என்றான். நானும் எத்தனையோ தடவை இப்படிப் பட்டியல் வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போது அது வெறும் இடப்பெயர். அடுத்த பாட்டு எது என்று ஒரு கண் திரையில் இருக்கும்.

ஏழாவது படி முங்கியபோது பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். அப்போது எதிர்வீட்டு அக்கா சொன்னார்: “தங்கச்சி, நீங்க ஜெபம் பண்ணுவீங்கதானே? சத்தமா பண்ணுங்கலா. பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

தினமும் காலையில் நான்கு மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறவள் நான். அன்று வாய் வரவில்லை. சபையில் சொல்லும் அழகான சொற்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில், “ஆண்டவரே, தண்ணி போதும். இந்தப் பிள்ளைங்களைப் பாத்துக்கோங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பக்கத்தில் அக்காவின் மாமியார் “முனியாண்டி, முனியாண்டி” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அது சங்கடமாக இல்லை.

விடியற்காலை மூன்று மணிவாக்கில் தண்ணீர் ஒன்பதாவது படியில் நின்றது. ஞாயிறு முழுவதும் அங்கேயே நின்றது. திங்கட்கிழமை காலை ஒரு மலாய் இளைஞர் தன் சொந்தப் படகில் வந்து எங்களை இரண்டு நடையாக ஏற்றிப்போனார். அவர் பெயர்கூடக் கேட்கவில்லை. அந்த வாரம் பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் சமைத்த சாப்பாட்டுப் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளப் பகுதிகளுக்குப் போயின. தேசியக் கோட்பாட்டின் முதல் வரியில் இறைவன் மீது நம்பிக்கை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சேர்ந்து ஒப்பித்தோம். அந்த வாரம்தான் அதை எல்லாரும் சேர்ந்து செய்து பார்த்தேன்.

வீட்டைக் கழுவி முடித்ததும் எதிர்வீட்டு அக்கா முனீஸ்வரருக்குப் பொங்கல் வைத்தார். மாலையில் ஒரு கிண்ணத்தை மூடி எடுத்து வந்தார். அம்மா தயங்கியதை நான் கவனித்தேன். படைத்ததை அம்மா சாப்பிட மாட்டார், அந்தத் தலைமுறை அப்படி. அக்காவும் கவனித்திருக்கிறார். “இது சாமிக்கு வைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு எடுத்து வச்சதும்மா” என்றார். அம்மா அங்கேயே நின்று, கையாலேயே அள்ளிச் சாப்பிட்டார். இன்றுவரை அக்கா சொல்வது, தண்ணீரை நிறுத்தியது முனீஸ்வரர். நான் சொல்வது வேறு. நாங்கள் இருவரும் அதை வைத்துச் சண்டை போட்டதில்லை.

நான் சொன்ன சாட்சி

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம். தமிழ்ச் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஓர் ஆராதனை நடக்கும். பழைய ஆண்டுக்கு நன்றி சொல்லி, நள்ளிரவில் புத்தாண்டுக்குள் போவோம். புத்தாண்டுக்கென்று ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம், அதில் ஒரு வேத வசனம் இருக்கும். அதற்கு முன்னால் ‘சாட்சி’ நேரம். அந்த ஆண்டு கடவுள் தனக்கு என்ன செய்தார் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். வேலை கிடைத்தது, பிள்ளை பிறந்தது, கட்டி கரைந்தது. எங்களிடம் விசுவாசத்தைப் பகிர்வது என்றால் பெரும்பாலும் இதுதான்.

2021இல் முகக்கவசத்தோடும் நாற்காலி இடைவெளியோடும்தான் உட்கார்ந்திருந்தோம். போதகர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போனேன்.

ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள், ஒலிவாங்கி கையில் வந்தால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழாவது படியில் குரலைத் தாழ்த்தினேன். ஜெபத்தைச் சொன்னேன். ஒரு நொடி நிறுத்தி, “ஒன்பதாவது படியில் என் ஆண்டவர் தண்ணீரை நிறுத்தினார்” என்றேன். சபை முழுவதும் அல்லேலூயா. சிலர் அழுதார்கள். இறங்கி வரும்போது, நன்றாக வந்தது என்று நினைத்தேன். நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது வருகிற அதே நினைப்பு.

ஆராதனை முடிந்து வெளியே மைலோ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னிடம் வந்தார். எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருப்பவர், பாலர் பள்ளி ஆசிரியை, சபையில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

“நல்லா பேசுனம்மா” என்றார். “ஒன்னே ஒன்னு கேக்கணும். உங்க வீட்டுல ஒன்பதாவது படியில நிறுத்துனாரு. எங்க வீட்டுல ஏன் நிறுத்தல?”

டீச்சரின் அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சனிக்கிழமை அவருடைய முறை. பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு இரவு சிக்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமைதான் மருத்துவமனைக்குப் போக முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இறந்துபோனார். அதற்கும் ஐந்தே நாள் கழித்து, கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து என் சாட்சியை டீச்சர் கேட்டிருக்கிறார்.

இதை எழுதக் கை தயங்குகிறது. அவர் அப்பா இறந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அடக்கத்துக்கு மாலை வாங்க நானும் பணம் கொடுத்திருந்தேன். ஒலிவாங்கியைப் பிடித்தபோது நினைவுக்கு வரவில்லை. கதைக்கு ஒட்டாததை வெட்டு என்றுதான் மூன்று ஆண்டு படித்தேன். வெட்டியிருக்கிறேன்.

டீச்சர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான், “ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும் டீச்சர்” என்றேன். சொன்ன உடனே அந்தச் சொல் எனக்கே கசந்தது. அவர் தலையாட்டிவிட்டு, மைலோ குடிக்காமல் போய்விட்டார்.

மௌனம்

வானொலியில் எங்களுக்கு மிகப் பெரிய பயம் ‘டெட் ஏர்’. சில நொடி சத்தம் வராமல் போனால் அலறுவதற்கென்றே நிலையங்களில் கருவி வைத்திருப்பார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, யாராவது பேசாமல் இருந்தாலே எனக்குக் கை பரபரக்கும். எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். டீச்சரிடம் நான் சொன்னது அப்படி நிரப்பியதுதான்.

ஜனவரி முழுவதும் வேதாகமத்தைப் புரட்டினேன். ஆறுதல் வசனம் தேடித்தான் புரட்டினேன், கிடைத்தவை வேறு. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. மற்றவர்களைவிட அவர்கள் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்றும் சொல்லிவிடுகிறார். ஏன் அவர்கள் மீது விழுந்தது என்பதை மட்டும் விளக்கவில்லை. யோபுவின் நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒன்றுமே பேசவில்லை. பிறகு வாயைத் திறந்தார்கள், அதிகாரம் அதிகாரமாக விளக்கினார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது அவர்கள் பேசியதற்காகத்தான். சங்கீதப் புத்தகத்திலும், நாம் கல்யாணத்துக்கும் வீடு குடிபோவதற்கும் எடுக்கும் ஐந்தாறு சங்கீதங்களைத் தாண்டிப் போனால், எத்தனையோ சங்கீதங்கள் முறையீடும் புலம்பலும்தான். ஞாயிறுப் பள்ளியிலிருந்து இவற்றை எத்தனை தடவை வாசித்திருக்கிறேன்! என் சாட்சியில் இவற்றுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

தண்ணீர் நின்றதற்கு நான் நன்றி சொன்னது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறான், நான் எப்படி நன்றி சொல்லாமல் இருப்பது? ஆனால் அதை ஒரு நிரூபணமாக விரித்தேன். நாங்கள் ஜெபித்தோம், நின்றது. அப்படியென்றால் நிற்காத வீட்டில் ஜெபம் இல்லையா? டீச்சரும் அப்பாவும் இரண்டு இரவும் ஜெபித்துக்கொண்டேதான் இருந்தார்கள். என்னைவிட நன்றாகவே ஜெபித்திருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நல்ல வாக்கியம் ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர், “வந்தது நல்லது, இதைப் பிடி” என்று ஒரு வாளியைக் கொடுத்தார். அதற்குள் ஒட்டிப்போன புகைப்படங்கள். தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, பழைய நாளிதழ் மேல் காய வைக்க வேண்டும். (இந்தப் பத்திரிகையும் அதில் இருந்தது.) இரண்டு மணி நேரம் அதைச் செய்தோம். பாதிப் படங்களில் முகம் போய்விட்டது. அவர் அப்பா ரப்பர் தோட்டத்துச் சபையில் வாலிபனாக மிருதங்கம் வாசிக்கும் படம் ஒன்று மட்டும் முழுசாக வந்தது. அதைப் பார்த்துத்தான் அன்று அழுதார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று மனசு நொடிகளை எண்ணியது.

அடுத்த வாரமும் போனேன். வெள்ள உதவி ஆயிரம் வெள்ளிக்கான பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. குடும்பத் தலைவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது அப்பாவின் கட்டம். காப்பி போட்டுக் குடித்துவிட்டுத்தான் தன் பெயரை எழுதினார்.

இப்படியே பல வாரம். கடவுளைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. மார்ச்சில் ஒரு நாள் அவராகவே, “இன்னமும் ஜெபம் பண்றேன். முன்ன மாதிரி இல்ல. சண்டை பிடிச்சுக்கிட்டே பண்றேன்” என்றார். என் ஒன்பதாவது படியைவிட அதுதான் பெரிய சாட்சி என்று எனக்குப் பட்டது. அதையும் அப்போது சொல்லவில்லை. அவ்வளவு முன்னேறியிருந்தேன்.

அன்றாடத்தில் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. காலை 4.15க்கு எழுந்து கெசாஸ் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போகும்போது அன்றைய நாளுக்காக ஜெபிக்கிறேன். முன்பெல்லாம் நடக்க வேண்டியவற்றின் பட்டியல் நீளமாக இருக்கும். இப்போது, என்ன நடந்தாலும் கூடவே இருங்கள் என்று கேட்பது அதிகம். வீட்டை விற்றுவிட்டுப் போக நினைத்தோம், கேட்ட விலைக்கு யாரும் வரவில்லை. அங்கேயேதான் இருக்கிறோம். மூழ்கிய மைவிக்குக் காப்புறுதி கிடைக்கவில்லை. வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. இப்போது சேர்த்திருக்கிறோம். “ஆண்டவரை நம்புறவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்று அம்மா கேட்டார். நோவாவும் கப்பல் கட்டினாரே அம்மா என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

சொல்வதில்தான் கொஞ்சம் மாறியிருக்கிறேன். நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி, இந்துக் குடும்பத்துப் பெண். அவளுக்குக் குறைப்பிரசவத்தில் குழந்தை பிறந்து, தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்தது. “உங்க சர்ச்சுல வேண்டிக்கிறீங்களா கா?” என்று அவளாகவே கேட்டாள். பழைய நானாக இருந்தால் உடனே படிக்கட்டுக் கதையைத் தொடங்கியிருப்பேன். பிள்ளையின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். பெயர் சொல்லி ஜெபித்தோம், டீச்சரும்தான். மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் சில நாள் பேசினாள், சில நாள் பேசவில்லை. பிள்ளை பிழைத்தது, இப்போது ஓடி விளையாடுகிறது. இதை நான் சபையில் சாட்சியாகச் சொன்னதில்லை. அவள் பிள்ளை, அவள் சொல்ல வேண்டிய கதை. இங்கே எழுதியதும் அவளைக் கேட்டுவிட்டுத்தான்.

டீச்சரையும் கேட்டேன். “என் பேரு போடாதே, அப்பா பேரையும் போடாதே. நீ பேசுனதை மட்டும் மறைக்காம போடு” என்றார். போட்டுவிட்டேன்.

2022 டிசம்பர் 31 இரவு, சாட்சி நேரத்தில் போதகர் மறுபடியும் என் பக்கம் பார்த்தார். நான் எழவில்லை. கடைசி வரிசையில் டீச்சர் எழுந்தார். மேடைக்கு வரவில்லை, ஒலிவாங்கி கேட்கவில்லை. “இந்த வருஷம் அப்பா இல்லாம போயிருச்சு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல. ஆனா வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை. போதகரும் ஒன்றும் சொல்லாமல் நின்றார். என் காது தன் பழக்கத்துக்கு எண்ணத் தொடங்கியது. பன்னிரண்டு நொடி. ஒலிபரப்பாக இருந்திருந்தால் அந்தக் கருவி அலறியிருக்கும்.

போன வாரம் மறுபடியும் இரவில் பெரிய மழை. எங்கள் தாமானில் மழை பெய்தால் யாரும் தூங்குவதில்லை. என் மகன் இப்போதெல்லாம் கேட்காமலேயே பள்ளிப் பையை மாடிக்குக் கொண்டுபோய்விடுகிறான். எதிர்வீட்டு அக்கா வாசல் விளக்கைப் போட்டுக் கால்வாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்கு டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. “தண்ணி ஏறுதா?”

கீழே போய்ப் பார்த்தேன். முதல் படி காய்ந்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். “சரி. கொஞ்ச நேரம் முழிச்சிருக்கேன், நீ தூங்கு. காலையில வேலை இருக்கு உனக்கு” என்று பதில் வந்தது.